கைக்குழந்தை மாதிரி

காலையிலிருந்து சர்வேயர் ஸ்டியரிங்கை விடவில்லை. இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். வேர்வை பட்டு அதன் பளபளப்பு போய்விடக் கூடாது என்று, பிடித்த இடத்தில் கைக்குட்டை வேறு சுற்றியிருந்தார்.

கார் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சீட்டின் பாலிதீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. பின் சீட்டில் மனைவியும் மகளும் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அசைந்தால் உறை சரசரக்கும்; சரசரத்தால் சர்வேயர் கண்ணாடியில் முறைப்பார்.

“அப்பா, வேகுது. ஏசி போடுங்கப்பா.”

“புது இன்ஜின்மா. எடுத்த எடுப்புலயே அதைப் போட்டு வேலை வாங்கக் கூடாது.”

“பாட்டாவது போடுங்க.”

“பேட்டரியும் புதுசு.”

“நாம மட்டும்தான் பழசு,” என்றாள் மனைவி.

சர்வேயர் காதில் வாங்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, நசுங்கிய கார்களைச் சுற்றி வந்து நஷ்டத்தை மதிப்பிடுவது அவர் தொழில். உருப்படியான கார் ஒன்றை அவர் பக்கத்தில் போய்ப் பார்த்ததே கிடையாது. அப்படிப்பட்டவரிடம் சாவியைக் கொடுத்த விற்பனைக்காரன், “முதல் ஆயிரம் கிலோமீட்டர் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கணும் சார்” என்று சொல்லித் தொலைத்துவிட்டான். சொன்னவன் அடுத்த நிமிஷமே மறந்திருப்பான். சர்வேயர் மறக்கவில்லை.

போதாக்குறைக்குச் சகலை. மனைவியின் அக்கா புருஷன். கார் வாங்கப் போகிற சேதி தெரிந்ததும், குடும்பமே கூடியிருந்த இடத்தில், “உனக்கெதுக்குய்யா கார்? தெருமுனையைத் தாண்டவே உனக்குக் கால் நடுங்குமே!” என்று சிரித்த மனிதர். “உங்க வீட்டு வாசல்ல கொண்டுவந்து நிறுத்தறேனா இல்லையா பாருங்க” என்று சர்வேயரும் அதே கூட்டத்தில் சவால் விட்டுவிட்டார். ஒரு பகல் முழுக்கப் பயணம். தோற்றால் ஆயுசுக்கும் சகலை அதைச் சொல்லியே சிரிப்பார்.

வேகத்தடை வந்தது. சர்வேயர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தாண்டிய பிறகுதான் திறந்தார்.

“அப்பா, எல்லா காரும் நமக்குக் கீழ போகுது!” மகளுக்குக் குதூகலம்.

“நம்ம வண்டி அப்படி. ஏறி உட்கார்ந்தா ராஜா மாதிரி இருக்கும்னு சொல்லித்தானே வித்தான்.”

“இந்தக் கூத்துக்கு பஸ்லயே போயிருக்கலாம்,” என்றாள் ராணி ஆகாத மனைவி.

மதியம் சகலையே வீடியோவில் கூப்பிட்டார். ஸ்டியரிங்கும் தன் முகமும் சேர்ந்து தெரிகிற மாதிரி சர்வேயர் போனைத் தள்ளிப் பிடித்தார்.

“யோவ், ஓட்டிக்கிட்டே பேசாதய்யா! முன்னாடி பாரு!”

“பழகிடுச்சு அண்ணே. ஒரு கையே போதும்.”

“என்ன வேகத்துல வர்றே?”

“வேகத்தைப் பார்த்துட்டு இருந்தா ரோட்டை யாரு பார்க்கிறது?”

“அது சரி. மைலேஜ் எப்படி?”

“கிளம்பும்போது போட்ட பெட்ரோல் அண்ணே. இன்னும் ஒரு சொட்டுக் குறையல.”

“புளுகறதுக்கும் ஒரு அளவு இருக்குய்யா.”

“என் பொண்ணு மேல சத்தியம்!” அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தடுமாறவில்லை.

போனை வைத்துவிட்டு மகளிடம் திரும்பினார். “ஊருக்கு முன்னாடி ஒரு பெட்ரோல் பங்க் வரும். பார்த்ததும் சொல்லு. நான் ஹாரன் அடிக்கணும்.”

“பெட்ரோல்தான் குறையவே இல்லையே. பங்க்ல என்ன வேலை?”

“வாய் பேசாதே. அங்க முகத்தைக் கழுவி, வண்டியத் துடைச்சு, அங்கேருந்து கம்பீரமாப் போய் இறங்கணும். உங்க பெரியப்பா வாயடைச்சு நிக்கணும்.”

வெயில் சாய்ந்தது. வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. சர்வேயரின் தலை ஒருமுறை தொங்கி நிமிர்ந்தது. மறுபடி தொங்கியது, நிமிரவில்லை.

“அம்மா, அப்பா தூங்கிட்டாரு.”

“தூங்கட்டும் விடு. கார் வந்த நாள்லேருந்து ராத்திரியெல்லாம் ஜன்னல்ல நின்னு அதையே பார்த்துக்கிட்டிருந்தாரு.”

சொல்லிவிட்டு அவளும் சாய்ந்துகொண்டாள். சற்று நேரத்தில் மகளும் கண்ணயர்ந்தாள். எதிரே பஸ்கள் இரைந்துகொண்டு வந்தன, விலகிப் போயின. பெட்ரோல் பங்க் வந்தது, போனது. ஹாரன் அடிக்க ஆளில்லை.

சர்வேயர் திடுக்கிட்டு விழித்தபோது வண்டி நின்றிருந்தது. கைகள் மட்டும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. ஜன்னலுக்கு நேராக, எட்டித் தொடும் தூரத்தில், சகலை நின்றுகொண்டிருந்தார். கையில் காபி டம்ளரோடு, தன் வீட்டு மாடி பால்கனியில்.

கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. “சார், நீங்க குடுத்த விலாசம் இதுதானே? பங்க் கிட்ட ஹாரன் அடிப்பீங்கன்னு பார்த்தேன். அடிக்கல. அதான் நேரா இங்கயே வந்துட்டேன்.”

சகலை மிச்சக் காபியை நிதானமாகக் குடித்து முடித்தார். டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார்.

“ஸ்டியரிங்கை விடுய்யா. லாரி நின்னு ரொம்ப நேரமாச்சு.”