முதல் புட்டிப்பால்

மூன்றாவது மாடியில் என் மகன் அழுதுகொண்டிருந்தான். நான் கீழே, தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில், கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தேன்.

கையில் ஒரு மாத்திரை. படிமேல் ஒரு செம்பில் தண்ணீர்.

அம்மாவின் வாசனை வீட்டுக்குள் இருக்கும்வரை பிள்ளை புட்டியை ஏறெடுத்தும் பார்க்காது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அதனால் நான் வெளியே, என் கணவர் உள்ளே. அவர் லிப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிப்டெல்லாம் அவர் கைபட்டுத்தான் ஓடுகிறது. நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும் லிப்டே கிடையாது. அதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர் ஒருவர் பாக்கியில்லை.

அன்று நான் சிரிக்கிற நிலையில் இல்லை.

அழுகை படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. முதலில் பசி அழுகை. பிறகு கோப அழுகை. இந்த விஷயத்தில் அவன் என்னைக் கொண்டு பிறந்தவன், பிடித்த பிடியை விடமாட்டான்.

மதியத்திலிருந்து நான் கொடுக்கவில்லை. மார்பு இரண்டும் கல்லாகியிருந்தன. அவன் ஒவ்வொரு முறை வீறிடும்போதும் உள்ளே சுருக்கென்று குத்தி, பால் இறங்கியது. என்னைக் கேட்டுக்கொண்டா சுரக்கிறது? நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி உள்ளங்கைகளால் அழுத்திக்கொண்டேன். அப்படியும் சட்டை நனைந்தது.

எதிர்வீட்டு பார்லர் அக்கா கடையை மூடிவிட்டு வந்தார். படியேறப் போனவர் என்னைப் பார்த்து நின்றார்.

"புள்ள தொண்டை வறள கத்துது. நீ இங்க உக்காந்து காத்து வாங்குறியா? வேலைக்குப் போக அவ்வளவு அவசரம்னா எதுக்குப் பெத்துக்கிட்ட?"

பதிலுக்குக் காத்திராமல் ஏறிப்போய்த் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கட்டடம் முழுக்க அப்படித்தான் பேச்சு. வேலைக்குப் போகத்தான் பாலை நிறுத்துகிறேனாம். நானும் திருத்தவில்லை. வேலை என்றால் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உண்மையைச் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்து அழுவார்கள். அவர்களை வேறு நான் தேற்றிக்கொண்டிருக்க முடியாது.

உண்மை என் இடது மார்பில் இருந்தது.

பால் கட்டியிருக்கிறது என்றார்கள் எல்லோரும். நானும் அப்படித்தான் நம்பினேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், நீவிவிட்டேன், பிள்ளையை அந்தப் பக்கமே போட்டேன். உறிஞ்சி உறிஞ்சி அவனே கரைத்துவிடுவான் என்று நினைப்பு. பாவம், அவனும் தன்னால் ஆனதைச் செய்தான். கரையவில்லை. ஊசி வைத்து எடுத்துப் பார்த்த பிறகு அது பால்கட்டு இல்லை, கேன்சர் என்றார்கள்.

திங்கட்கிழமை மருந்து ஏற்ற ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் பால் வற்ற வேண்டும். வற்றுவதற்கான மாத்திரையை இன்றாவது போட்டாக வேண்டும். டாக்டர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். அவன் புட்டியில் ஒரு தரம் குடிக்கட்டும், அப்புறம் விழுங்குகிறேன். வேறு எதையும் தொடாத பிள்ளைக்கு இருக்கிற பாலையும் வற்றவைத்துவிட்டு நான் பிழைத்து என்ன செய்ய?

என் கணவர் வாதாடவில்லை. சரி என்று மட்டும் சொன்னார்.

கரண்டி, புட்டி, வேறு காம்பு, வேறு பவுடர். எல்லாவற்றையும் துப்பினான். ஒவ்வொரு முறையும் நானே ஓடிப்போய் அவனைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டேன். அதனால்தான் இன்று என்னைக் கீழே அனுப்பிவைத்தார்.

அழுகை இப்போது மூச்சுப் பிடித்துப் பிடித்து வந்தது. எழுந்துவிட்டேன். போதும். மேலே போய் அவனை எடுத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமையை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லலாம். ஒரு வாரத்தில் என்ன குடிமுழுகிப் போய்விடும்?

முதல் மாடியைத் தாண்டும்போது அழுகை நின்றது.

கால் அப்படியே நின்றுவிட்டது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. போன் அடித்தது.

"குடிச்சிட்டான். நல்லா குடிச்சான். நீ மாத்திரையைப் போட்டுக்கோ."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது. பெற்ற மகன் என்னை விட்டுவிட்டு ஒரு ரப்பர் காம்போடு சமாதானமாகிவிட்டானே என்று அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் கீழேயே இருந்தது. இறங்கிப்போனால் மனசு மாறிவிடும் என்று பயந்து, மாத்திரையை வெறும் வாயில் போட்டு விழுங்கினேன். தொண்டையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு இறங்கியது.

இனி அவசரமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினேன்.

கதவு திறந்திருந்தது. என் கணவர் நடுக்கூடத்தில் நின்றிருந்தார். மகன் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். இமை இரண்டும் வீங்கியிருந்தன. தூக்கத்திலும் விம்மினான். அது வயிறு நிறைந்த தூக்கம் இல்லை, அழுது களைத்த தூக்கம். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாதா?

மேசையைப் பார்த்தேன். புட்டியில் கழுத்துவரை பால், ஆறிப்போய் இருந்தது.

எனக்கு ஒரு சேலை வாங்கினால் அதைச் சாயங்காலம் வரை மறைத்துவைக்கத் தெரியாத மனிதர். என் கண்ணை நேராகப் பார்த்தார்.

"திட்டு," என்றார். "ஆயுசு முழுக்க திட்டு. அதுக்கு நீ இருக்கணும்."