குரல் அழிப்புப் பிரிவு

தகவல் பாதுகாப்பு அலுவலகத்தின் குரல் அழிப்புப் பிரிவு அதிகாரியை எல்லோரும் 'ரப்பர் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அழித்தால் துளி மிஞ்சாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று வந்த அம்மாளின் கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்த ஸ்பீக்கர் அவர் குரலைக் கற்றுக்கொண்டு, தினமும் காலையில் அவளை எழுப்பிக்கொண்டிருந்தது.

"அது அவர் இல்லை மேடம். அவர் மாதிரி பேசுது. சட்டத்துல இடம் இருக்காமே, அழிச்சிடுங்க."

அடையாளத்துக்காக ரப்பர் அக்கா குரலை ஒருமுறை ஒலிக்கவிட்டாள். கரகரத்த குரல், பேச்சு முடிகிற இடத்தில் ஒரு சிரிப்பு. அம்மாள் தலையாட்டினாள். சர்வரில் இருந்தது, நகல்களில் இருந்தது எல்லாவற்றையும் ரப்பர் அக்கா அழித்தாள். மறுபடி தேடிப் பார்த்தாள். சுத்தம்.

"இனி எங்கேயும் இல்லைங்கம்மா. நான் பொறுப்பு."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். மேசை போன் அடித்தது.

"கண்ணாடியை உங்க மேசையிலேயே வச்சிட்டா மேடம். அது இல்லாம அவளுக்குப் படி தெரியாது. ஓடுங்க."

அதே கரகரப்பு. சிரிப்பு மட்டும் இல்லை.

கண்ணாடி கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடிய ரப்பர் அக்கா, மாடிப்படி விளிம்பில் காலால் துழாவிக்கொண்டிருந்தவளை எட்டிப் பிடித்தாள்.

"நல்லவேளை! இதையெல்லாம் அவர்தான் ஞாபகப்படுத்துவார்," என்றாள் அம்மாள்.

அவளைக் கீழே விட்டுவிட்டு வந்து ரப்பர் அக்கா இன்னொரு முறை தேடினாள். எங்கேயும் எதுவும் மிஞ்சவில்லை. 'முழுமையாக அழிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.