மரச்சிராய்

கொல்லை முழுக்கக் களிமண். மழைக்குக் காலைப் பிடித்து இழுக்கும். வெயிலுக்கு விரல் நுழையுமளவு வெடிக்கும். அதில் கத்தரி காய்த்துத் தொங்குவதைப் பக்கத்து வீட்டு இசக்கியம்மாளால் நம்ப முடியவில்லை.

"ஏட்டி கோமு, இந்த மண்ணுக்கு என்னத்தப் போட்ட?"

"மரச்சிராய்தான் மைனி. பரப்பி விட்டா மக்கி, மண்ணு பொலபொலன்னு ஆயிரும்."

எந்த மரம் என்று கோமு சொல்லவில்லை. முதலில், முதுகில் விழுந்த உலக்கை. இரும்புப் பூணைக் கழற்றிவிட்டு வெட்டினாள். பிறகு இடக்கையை ஒடித்த கதவுக்கட்டை. அதற்கப்புறம் மண்டையை உடைத்த முக்காலி. புருஷன் மாசானம் எதை எடுத்து அடித்தாலும், மறுநாள் காலையில் அதை அரிவாளால் கொத்திக் கொத்திக் களிமண்மேல் பரப்பிவிடுவாள்.

உள்ளே தட்டு சுவரில் மோதியது. "இது குழம்பாட்டி?" மாசானம் மூலைமூலையாகத் துழாவும் சத்தம் கேட்டது. இசக்கியம்மாள் வேலியை விட்டு விலகினாள்.

"அடிக்க ஒரு கம்புகூட இல்லையாட்டி இந்த வீட்ல?" என்று கத்திக்கொண்டே அவன் கொல்லைக்கு வந்தான்.

தூக்கி அடிக்க மரமென்று அந்த வீட்டில் மிச்சமிருந்தது அரிவாள் பிடி ஒன்றுதான். கோமு அதை இறுக்கிப் பிடித்தபடி கத்தரிப் பாத்தியிலிருந்து நிமிர்ந்தாள்.