முன்கண்ணாடி எண்

சியோலில் சாங்கிலின் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அவன் காரை மறித்து ஒரு வெள்ளைக் கார் நின்றது. குறுக்கே நிறுத்துபவர்கள் பிறர் தள்ளுவதற்காக நியூட்ரலில் விட்டுப் போவார்கள். இதுவோ தள்ளியும் அசையவில்லை. மகளுக்குத் தேர்வு நேரமாகிறது. கூப்பிடுவதற்காக முன்கண்ணாடியில் வைத்திருந்த அட்டையின் கைபேசி எண்ணை அழைத்தான்.

“யோவ், வண்டிய எடுக்கிறியா, கண்ணாடிய உடைக்கட்டுமா?”

“ஐயோ தம்பி, அத வித்து ஒரு வருஷமாச்சு!” என்றது ஒரு பெண் குரல். “வாங்கினவன் கண்ணாடியில இருக்கற என் நம்பர மாத்தவே இல்ல. அவன் வாங்க வேண்டிய திட்டெல்லாம் எனக்குத்தான் வருது.”

“சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறானா அவன்?” என்று கத்தினான்.

மகளை டாக்சியில் அனுப்பினான்.

மாலையில் கடைத்தெருவில் இடமில்லை. இன்னொரு காரை மறித்து நிறுத்தினான். இறங்குமுன் எண் அட்டையை வெளியே தெரியும்படி நிமிர்த்தி வைத்தான்.

இந்தக் காரை அவனுக்கு விற்ற பெரியவரின் எண் அது.