பரீட்சை பயம்

"கடைசியா யார்கிட்ட மனசுவிட்டுப் பேசினே?" நாற்காலியை அருகே இழுத்துப் போட்டபடி கேட்டாள் சீனியர் மாணவி.

அவன் யோசித்தான். "பஸ்ல ஒருத்தர் மணி கேட்டாரு அக்கா. சொன்னேன். அது கணக்குல சேருமா?"

அவள் சிரிக்கவில்லை. "ஹாஸ்டல்ல யாருமில்லையா?"

"ரூம்ல மூணு பேர் இருக்காங்க. நான் உள்ளே போனா பேச்சு நின்னுடும். அதனால மாடிப்படியில உட்கார்ந்து சாப்பிடுவேன். போனைக் காதுல வச்சுப்பேன். பார்க்கறவங்களுக்கு யாரோடயோ பேசற மாதிரி இருக்குமில்ல?"

"வீட்டுல சொல்லலாமே?"

"புள்ளை பெரிய படிப்பு படிக்கிறான்னு அம்மா எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சுக்கிட்டிருக்காங்க. அதுல மண்ணைப் போடவா?"

அவள் குரல் தழைந்தது. "இனிமே நீ தனியா சாப்பிட வேண்டாம்டா. இன்னிக்கே எங்ககூட வா. அக்கா இருக்கேன்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "நிஜமாவா அக்கா?"

அறையெங்கும் கைதட்டல் எழுந்தது.

"பிரமாதம்!" என்றார் பயிற்சி கொடுக்கும் மேடம். "மாணவர் உதவிக்குழுவுல சேர வந்த எல்லாரும் பார்த்துக்கிட்டீங்களா? நாளைக்கு நிஜமாவே மனசு நொந்து வர்றவங்ககிட்ட இப்படித்தான் பேசணும். சரி, சாப்பிட்டு வாங்க."

"என்னமா நடிக்கிறடா நீ!" என்று அவன் முதுகில் தட்டிவிட்டு, தோழிகளோடு சிரித்தபடி கேன்டீனுக்குப் போய்விட்டாள் அவள்.

மேடம் மட்டும் நின்றார். "ஏம்ப்பா, உன்னைப் பரீட்சை பயம் இருக்கிற மாதிரிதானே நடிக்கச் சொன்னேன்?"

"மறந்துட்டேன் மேடம்."

போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடிப்படியை நோக்கி நடந்தான் அவன்.