நாத்தனாரின் கால்வலி

"மறுபடியும் உக்காந்துட்டியா?"

டிரில் டீச்சருக்கு மூச்சைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. செங்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதை. அதன் நட்டநடுவில் ஒரு பாறைமேல், ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள் நாத்தனார்.

"கால் வலிக்குது அண்ணி. ரெண்டே நிமிஷம்."

"ரெண்டு நிமிஷம் ரெண்டு நிமிஷம்னே பாதி மலை போச்சு. நமக்குப் பின்னாடி வந்தவங்க எல்லாம் முன்னாடி போயாச்சு!"

"நீங்களும் உக்காருங்க அண்ணி. திட்டறதை உக்காந்தே திட்டலாமே."

வேறு வழியில்லாமல் டீச்சரும் உட்கார்ந்தாள்.

ஜோடி ஜோடியாக ஓடும் மலைப் பந்தயம் அது. உயரமான கணவாயைத் தாண்டி, வெளிச்சம் இருக்கும்போதே அந்தப் பக்கம் இறங்கிவிட வேண்டும். ஒருத்தி நின்றால் இரண்டு பேரும் அவுட்.

போன வருஷம் சக டீச்சரோடு வந்திருந்தாள். கணவாய்க்குக் கீழே இருந்த முகாமில் டாக்டர் இவள் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். "ஆக்சிஜன் ரொம்ப இறங்கிடுச்சும்மா" என்று சொல்லி ஸ்ட்ரெச்சரில் கீழே அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடம் முழுக்க அதே பேச்சு. அதற்கப்புறம் மைதானத்தில் எந்தப் பிள்ளையைப் பார்த்தும் 'ஓடு' என்று சொல்ல டீச்சருக்கு நாக்கு எழவில்லை. இந்தத் தடவையும் முடியாவிட்டால், விசிலை ஹெட்மாஸ்டர் மேஜையில் வைத்துவிட்டு ஆபீஸ் வேலைக்குப் போய்விடுவது என்று முடிவே செய்திருந்தாள்.

இந்த வருஷம் கூட வர யாரும் துணியவில்லை. "நான் வரேன் அண்ணி" என்று நின்றவள் இந்த நாத்தனார் ஒருத்திதான். பல் ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கொடுக்கிற வேலை. மாடிப்படியில் ஏறி இறங்கியே பழகிக்கொண்டு வந்திருந்தாள்.

"நாளெல்லாம் உக்காந்தே பழகின உடம்பு. மலைக்கு வந்தும் நாற்காலி தேடுது" என்றாள் டீச்சர்.

"டோக்கன் வாங்கிட்டீங்கள்ல? உக்காருங்க, கூப்பிடறேன்" என்று சிரித்தாள் நாத்தனார்.

சிரிப்பு வேறு! டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுந்து நடந்தால் இன்னொரு தொல்லை. முன்னால் போகிறவள் நொடிக்கொரு தரம் திரும்பித் திரும்பி இவள் முகத்தைப் பார்த்தாள்.

"எதுக்குடி என்னையே பாக்கறே? நான் என்ன ஓடியா போயிடுவேன்?"

"ஓடத்தானே அண்ணி வந்திருக்கோம்?"

சொல்லிவிட்டு, அடுத்த வளைவிலேயே மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

அவர்களைத் தாண்டிப் போன ஒரு ஜோடி, "பாவம் டீச்சர். நல்ல துணை கிடைச்சிருந்தா இந்நேரம் உச்சிக்கே போயிருப்பாங்க" என்று காதுபடவே பேசிக்கொண்டு போனது. நாத்தனார் குனிந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

டாக்டரின் கூடாரம் கண்ணுக்குத் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். அங்கே வந்து, அசையாமல் உட்கார்ந்தாள் பாருங்கள்! நிமிஷங்கள் ஓடின. காற்று காதைக் கிழித்தது.

"அதோ கூடாரம்டி! அங்க போய் உக்காரேன்!"

"முடியல அண்ணி. வலி அடங்கட்டும். அடங்கலைன்னா இப்படியே திரும்பிடலாம்."

"திரும்பறதா?"

"எனக்குத்தான் முடியலன்னு சொல்லிடுவோம். உங்க ஸ்கூல்லயும் அதையே சொல்லுங்க. என் காலால கெட்டுதுன்னு."

டீச்சருக்குக் கண்ணில் நீர் முட்டியது. "எனக்கு இது எவ்வளவு பெரிசுன்னு உனக்குத் தெரியாது."

"தெரியும் அண்ணி. ஆத்திரப்படாம நல்லா மூச்சை இழுத்து விடுங்க."

கடைசியில், டீச்சரின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு ஷூவை மாட்டினாள். "போயிடுச்சு. வாங்க."

டாக்டர் இரண்டு பேர் விரலிலும் கிளிப்பை மாட்டினார். டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ரெண்டு பேருமே போகலாம்."

கணவாயைத் தாண்டியதும் பாதை சரிந்தது. இறங்க இறங்க நாத்தனார் ஒரு தடவைகூட உட்காரவில்லை. குட்டி ஆடு மாதிரி துள்ளிக்கொண்டு ஓடினாள். எல்லைக் கோட்டைத் தாண்டியபோது மேற்கில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. கடைசி ஜோடி அவர்கள்தான். ஆனாலும் கழுத்தில் மெடல் விழுந்தது. டீச்சர் அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

பிறகுதான் நினைவு வந்தது.

"சிஸ்டர், இவ காலைக் கொஞ்சம் பாருங்க. வழியெல்லாம் வலி வலின்னு என் உயிரை வாங்கிட்டா."

நர்ஸ் சாக்ஸைக் கழற்றினாள். விரல் விரலாக அழுத்தினாள், கணுக்காலைத் திருப்பினாள். வீக்கம் இல்லை, கொப்புளம் இல்லை.

"இந்தக் காலுக்கு ஒண்ணுமே இல்லையேம்மா. இன்னொரு மலை ஏறலாம்."

டீச்சர் விருட்டென்று திரும்பினாள். "அப்ப அத்தனையும் நடிப்பா? எதுக்குடி?"

நாத்தனார் சாக்ஸை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"உக்காருங்கன்னா நீங்க உக்கார மாட்டீங்களே அண்ணி. அதான், உங்க உதடு நீலமானப்பல்லாம் எனக்குக் கால் வலிச்சுது."