மாசாய்த் துறையில் இரண்டு பினாங்குப் படகுகள்

"அண்ணே, அங்க பாருங்க, நம்ம போட்டு!"

கிருஷ்ணம்மா தலையில் விறகுக்கட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கந்தப்பு நிமிர்ந்து பார்த்தார். மரத்தோணிகளை இழுத்துக்கொண்டு இரண்டு இழுவைப் படகுகள் கிழக்கிலிருந்து மாசாய்த் துறையை நோக்கி வந்துகொண்டிருந்தன.

சாம்பல் நிறம் பூசியிருந்தார்கள். புகைக்குழாயில் ஜப்பான் எழுத்து. பழைய பெயர்ப்பலகை இரண்டையும் கழற்றி எறிந்தாகிவிட்டது. பினாங்குத் துறைமுகத்தில் பதினான்கு வருஷம் எஞ்சின் ஓட்டியவருக்குப் பெயர்ப்பலகை எதற்கு? முன்னால் வருவது மெராந்தி, அவருடைய படகு. அதன் இடுப்பில் இருந்த ஒடுக்குகூட அவர் கைங்கரியம்தான். பின்னால் வருவது செங்கால். பினாங்கிலும் இரண்டும் ஜோடியாகத்தான் வேலைக்குப் போகும்.

மெராந்தி விசில் அடித்தது. ஒருதரம் இருமிவிட்டுத்தான் அந்த விசில் கூவும்.

கிருஷ்ணம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "எங்க வீட்டுக்காரரு அதுலதானே இருப்பாரு! நீங்க சொன்ன மாதிரியே சிங்கப்பூர்லேர்ந்து வர்றாரு பாருங்கண்ணே!"

கந்தப்பு அந்த ஒடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் படகு மிதக்கவே கூடாது.

பினாங்கில் குண்டு விழுந்த வாரம், வெள்ளைக்காரத் துரை ஓட்டமெடுக்குமுன் கடைசியாக ஓர் உத்தரவு போட்டார். ஜப்பான்காரன் கைக்குப் போகாமல் இரண்டு படகையும் மூழ்கடித்துவிட வேண்டும். கந்தப்புவும், கொதிகலனுக்குக் கரி போடும் பயர்மேன் சின்னத்தம்பியும் மெராந்தியின் அடித்தட்டுக்குள் இறங்கினார்கள். கடல் தண்ணீரை உள்ளே விடும் வால்வு துருவேறிக் கிடந்தது. இருவரும் மல்லுக்கட்டித் திருகித் தண்ணீர் பீறிட்ட நேரம் பார்த்து, தலைக்குமேல் விமானச் சத்தம்.

எஞ்சின் டிரைவர்தான் கடைசியாக மேலே வரவேண்டும். படகில் அதுதான் முறை.

கந்தப்பு முதலில் வந்தார். வந்தவர் திரும்பிப் பாராமல் ஓடினார். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது தண்ணீருக்கு மேலே மெராந்தியின் புகைக்குழாய் நுனி மட்டும் தெரிந்தது. சின்னத்தம்பியைக் காணோம்.

குவாட்டர்ஸ் வாசலில் நின்ற அவன் பெண்டாட்டி கிருஷ்ணம்மாவிடம், "போட்டோட சிங்கப்பூருக்குப் போயிட்டான், என்ர கண்ணால கண்டனான்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார்.

அந்த மகராசி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சிங்கப்பூருக்குப் பக்கத்தில் போய் இருந்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கந்தப்புவின் மச்சான் சிங்கப்பூருக்கு எதிர்க்கரையான மாசாயில் இருந்தார். ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதும் கந்தப்பு தன் மனைவியோடு அவளையும் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டார். நிலக்கரி கிடைக்காத காலம். ஜப்பான்காரன் படகெல்லாம் விறகில்தான் ஓடின. கந்தப்புவும் கிருஷ்ணம்மாவும் துறையில் விறகு சுமந்தார்கள். தினமும் அவள் அக்கரையைப் பார்ப்பாள். அவர் அந்தப் பக்கமே திரும்பமாட்டார்.

மெராந்தி துறையில் மோதி நின்றது.

கந்தப்பு கையில் கிடைத்த நாலு கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். நாற்பத்தெட்டு வயசில் அது ஓட்டமா என்றால் ஓட்டம்தான். கிருஷ்ணம்மா வருமுன் அவருக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்.

விறகு வாங்கக் கை நீட்டியவன் புதுப் பயர்மேன், பினாங்குத் தமிழன்.

"தம்பி, இதைத் தண்ணிக்குள்ளயிருந்து தூக்கேக்க..." கந்தப்பு கட்டையை அவன் கையில் கொடுத்தார். "உள்ளுக்க ஆரும் கிடந்தவையோ?"

"உள்ளயா? யாரும் இல்லேண்ணே. பழைய பயர்மேன் சின்னத்தம்பி அண்ணன் அன்னிக்கே நீந்தி வேற பக்கம் கரை ஏறிட்டாரு. கால் முறிஞ்சு ஆறு மாசம் மலாய்க்காரங்க கம்பத்துல ஒரு வீட்டுல படுத்துக் கெடந்தாராம். அப்புறம் வந்து, போட்டத் தூக்கி சேறு வழிச்சதெல்லாம் எங்களோட அவருதான்."

கந்தப்பு அந்த ஈரப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். முருகா, முருகா! இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அவர் யாரையும் கொல்லவில்லை. வாய்விட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை. ஆள் உயிரோடு இருக்கும்போது பொய்யாவது ஒன்றாவது! கையைப் பிடித்து இழுத்துவந்து அவள் முன்னால் நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

"எங்க அவன்? கூப்பிடு!"

"அவரு இங்க எங்கண்ணே இருக்காரு? ஒரு வருஷம் பெண்டாட்டியத் தேடினாரு. குவாட்டர்ஸ்ல பழைய ஆளுங்க ஒருத்தரும் இல்ல, அவ எங்க போனான்னு சொல்ல நாதியில்ல. ஜப்பான்காரனோட சயாம் ரயில் ரோட்டு வேலைக்கு ஏத்திக்கிட்டுப் போன கூட்டத்துல அவளும் போயிருப்பான்னு எவனோ சொல்லிட்டான். அடுத்த ரயில்ல இவரும் ஏறிட்டாரு." அவன் குரலைத் தாழ்த்தினான். "அங்க போனவங்க ஒருத்தரும் இன்னும் திரும்பலேண்ணே."

கந்தப்பு திரும்பினார். கிருஷ்ணம்மா பின்னாலேயே நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது.

தலைச்சுமையை மெல்ல இறக்கிப் பலகைமேல் வைத்தாள்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் அங்கேயே இருந்திருப்பேனேண்ணே" என்றாள்.